நகர்வது எது, நிற்பது எது? சிங்கப்பூரில் லாங் எக்ஸ்போஷர் பழகும் வழி

என் முதல் லாங் எக்ஸ்போஷர் படத்தை, அதாவது கேமராவின் ஒளிக்கதவான ஷட்டரை நொடிக்கணக்கில் திறந்துவைத்து எடுக்கும் படத்தை, தீவு விரைவுச்சாலைக்கு மேலே போகும் ஒரு நடைமேம்பாலத்தில் வைத்து எடுத்தேன். புது ட்ரைபாட், புது ரிமோட், இருபது நொடி ஷட்டர், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தால் கார் விளக்குக் கோடுகள் அத்தனையும் பாம்பு மாதிரி நெளிந்திருந்தன. தெருவிளக்குகூடப் புள்ளியாக இல்லை, சின்னப் புழு மாதிரி இருந்தது. லென்ஸ் கெட்டுவிட்டதோ என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது, ஆடியது பாலம். கீழே லாரி போனால் ஆடும், பக்கத்தில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாலும் ஆடும். நம் காலுக்கு அது தெரியாது. இருபது நொடி கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் கேமராவுக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தப் படத்தில் எது நகர வேண்டும், எது அசையாமல் நிற்க வேண்டும்? கீழே எண்கள் நிறைய வரும், ஒன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நகர்வதன் வேகம் தெரிந்தால் நொடிக்கணக்கு தானாக வரும். அருவி அரை நொடியிலேயே பட்டுத்துணி மாதிரி ஆகிவிடும். ஒரு கார் சாலைத் திருப்பத்தைத் தாண்டிப் போகப் பத்துப் பதினைந்து நொடி. மேகம் நன்றாக இழுபட்டுத் தெரிய இரண்டு மூன்று நிமிடம். கூட்டம் கரைந்துபோக வேண்டுமென்றால், அவர்கள் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் புகைப்படக் கலை பிறந்த காலத்திலேயே தெரிந்துவிட்டது. 1838இல் லூயி டாகர் பாரிஸ் தெரு ஒன்றை மேலிருந்து படமெடுத்தார். தகட்டில் ஒளி பதியப் பல நிமிடம் பிடித்ததால், தெருவில் போன வண்டி, ஆள் யாருமே படத்தில் இல்லை. ஓரமாக நின்று காலணிக்கு பாலிஷ் போட்டுக்கொண்ட ஒருவர் மட்டும் பதிந்துவிட்டார், அதுவும் அவர் நின்றதால். தண்ணீர் துப்பும் சிலை நிற்கும் மெர்லயன் பூங்காவிலும் இதே சட்டம்தான். நடந்து போகிறவர்கள் மறைந்துவிடுவார்கள். வாயைத் திறந்து மெர்லயன் தண்ணீரைக் குடிப்பதுபோல் போஸ் கொடுப்பவர் மட்டும், அவருக்குப் படம் எடுப்பவர் சரியான கோணம் தேடி முடிக்கும்வரை சிலையாக நின்று, உங்கள் படத்தில் அழகாக வந்துவிடுவார்.

கருவிகள்

கேமரா எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்க முடிந்தால் போதும். பத்து வருடத்துக்கு முந்தைய செகண்ட் ஹேண்ட் கேமரா தாராளம். லாங் எக்ஸ்போஷருக்கு வேகமான ஆட்டோஃபோகஸ் தேவையில்லை, ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறனும் பெரிதாகத் தேவையில்லை. காசை ட்ரைபாடில் போடுங்கள். சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கேமராக் கடைகள் நிறைய இருக்கின்றன. ஒரு மதிய நேரம் போய் நாலைந்து ட்ரைபாடைக் கையில் தூக்கிப் பாருங்கள். காலை முழுக்க நீட்டி, மேலே உள்ளங்கையை வைத்து லேசாக முறுக்குங்கள். கிறுகிறுவென்று திரும்பினால் வேண்டாம். ஆனால் நாலு கிலோ இரும்பையும் வாங்காதீர்கள். இங்கே எல்லாரும் எம்ஆர்டி ரயிலில் தூக்கிக்கொண்டு போகிற ஆட்கள்தானே, கனமாக இருந்தால் மூன்றாவது வாரமே அது வீட்டில் துணி காயப்போடும் கம்பாகிவிடும்.

விரிக்கும்போது தடிமனான மேல்பகுதிக் கால்களை முதலில் நீட்டுங்கள், மெல்லியதைக் கடைசியில். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். மூன்று காலில் நிற்பதை நாமே ஒற்றைக்காலில் நிறுத்துவது போலாகிவிடும். காற்று இருந்தால் பையை நடுவில் தொங்கவிடலாம், ஆனால் அது ஊஞ்சலாடினால் கதை இன்னும் மோசம். பையின் அடிப்பாகம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும்.

ரிமோட் இருந்தால் நல்லது, இல்லையென்றால் கேமராவிலேயே இரண்டு நொடி டைமர் இருக்கும். விரல் பட்ட அதிர்வு அடங்க அது போதும். முப்பது நொடிக்கு மேல் போக, பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் மோடு வேண்டும், அதற்குத்தான் பூட்டக்கூடிய ரிமோட் உண்மையில் தேவைப்படும்.

வீட்டு வாசலிலேயே முதல் பாடம்

மரினா பேக்கு ஓடாதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பொது நடைவழியின் கைப்பிடிச் சுவர், கீழே வாகன நிறுத்துமிடம், எதிர் புளோக்கின் விளக்குகள். பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் மேல்தளம் இன்னும் உத்தமம். இரவு ஒன்பது மணிக்கு அங்கே வண்டியும் குறைவு, வானமும் விரிந்து கிடக்கும். ட்ரைபாட் நடைவழியை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்தவர் ஜன்னலுக்குள் லென்ஸைத் திருப்பாதீர்கள். என் பக்கத்து வீட்டு ஆன்ட்டி முதல் நாள் "என்ன தம்பி, டிவிக்கா எடுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் பூத்தொட்டிகளைப் படத்தில் தெரிகிற மாதிரி நகர்த்தி வைத்தார்.

கேமராவை மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். பின்னால் திருத்த இடம் தரும் ரா கோப்பு வடிவத்தில் எடுங்கள். ஐஎஸ்ஓ 100. அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் ஒளித்துளை, எஃப் 8 (எண் கூடினால் துளை சிறுக்கும்). ஷட்டர் நாலு நொடியில் தொடங்குங்கள். லென்ஸிலோ கேமராவிலோ உள்ள, கை ஆட்டத்தைத் திருத்தும் ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள். ட்ரைபாடில் அசையாமல் நிற்கும் கேமராவில் அது இல்லாத ஆட்டத்தைத் திருத்தப் போய்த் தானே ஒரு ஆட்டத்தை உண்டாக்கலாம். புதிய கேமராக்கள் சில ட்ரைபாடைக் கண்டுபிடித்துவிடும் என்றாலும் நான் அணைத்துவிடுவேன்.

ஃபோகஸ்தான் பலர் கோட்டை விடும் இடம். தூரத்தில் தெளிவான விளக்கு ஒன்றையோ எதிர் புளோக்கில் எழுதியிருக்கும் பெரிய எண்ணையோ திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள், கூர்மையானதும் உடனே மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாமல் விட்டால் ஷட்டரை அழுத்தும்போது கேமரா இருட்டில் மறுபடி தேட ஆரம்பிக்கும்.

இப்போது ஒரே காட்சியை ஒரு நொடி, நாலு நொடி, பதினைந்து நொடி, முப்பது நொடி என்று எடுங்கள். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் ஒரே மாதிரி வர அப்பர்ச்சரையோ ஐஎஸ்ஓவையோ மாற்றிச் சரிக்கட்டுங்கள். நேரம் இரட்டிப்பானால் ஒளியும் இரட்டிப்பு, அதற்குப் பெயர் ஒரு ஸ்டாப். எஃப் 8இலிருந்து எஃப் 11க்குப் போனால் ஒளி பாதி, அதுவும் ஒரு ஸ்டாப். ஆக எஃப் 8இல் நாலு நொடி வைத்தாலும் எஃப் 11இல் எட்டு நொடி வைத்தாலும் வெளிச்சம் ஒன்றுதான், ஆனால் கீழே போகும் காரின் கோடு இரண்டு மடங்கு நீளம். இந்தக் கொடுக்கல் வாங்கல் கைக்கு வந்துவிட்டால் மீதி எல்லாம் இடம் தேடுவதுதான்.

எஃப் 16, எஃப் 22 என்று இறுக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். எஃப் 16க்கு அப்பால் ஒளி சிறு துவாரத்தில் வளைந்து பரவி, படம் முழுக்க மெல்ல மழுங்கும். எஃப் 8, எஃப் 11 போதும். தெருவிளக்குகளில் நட்சத்திரக் கதிர்கள் வேண்டுமென்றால் மட்டும் எஃப் 16. லென்ஸின் உள்ளே எட்டு இதழ் இருந்தால் எட்டுக் கதிர் வரும், ஒன்பது இருந்தால் பதினெட்டு வரும். ஒற்றைப்படையானால் இரட்டிப்பு, அவ்வளவுதான் கணக்கு.

நீல நேரம்: நமக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான்

இணையத்தில் வரும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே கோடையில் அந்தி மணிக்கணக்கில் நீளும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிகூட இல்லாத தூரத்தில். இங்கே சூரியன் சரிந்து சரிந்து இறங்குவதில்லை, கிட்டத்தட்ட நேராகக் கீழே விழுகிறது. சூரிய மறைவு வருடம் முழுக்க மாலை 6.45க்கும் 7.20க்கும் இடையில்தான், நவம்பர் தொடக்கத்தில் சீக்கிரம், பிப்ரவரியில் தாமதம். மறைந்து பதினைந்து நிமிடம் கழித்து வானம் ஆழ்நீலமாக மாற ஆரம்பிக்கும். அடுத்த இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும், அப்புறம் கறுப்புதான். அலுவலகம் முடிந்து ஏழரைக்கு வந்து ட்ரைபாடை விரிக்கலாம் என்றிருந்தால் பஸ் போன பிறகு கை காட்டுகிற கதை. 6.45க்கே இடத்தில் நிற்க வேண்டும்.

அந்த இருபது நிமிடம் ஏன் முக்கியமென்றால், அப்போதுதான் கட்டட விளக்கும் வானமும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியோடு இருக்கும். முன்னால் எடுத்தால் விளக்கு சோகையாகத் தெரியும், பின்னால் எடுத்தால் விளக்கு வெந்து வெள்ளையாகி வானம் தார் பூசிய மாதிரி ஆகிவிடும்.

மெர்லயன் பக்கம் நின்றால் நீங்கள் கிழக்கே பார்க்கிறீர்கள், எதிரே மரினா பே சேண்ட்ஸின் மூன்று கோபுரங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். கிழக்கு வானம் முதலில் நீலமாகும், அதனால் இந்தக் கோணத்துக்கு சீக்கிரம் வேலை தொடங்கும். எதிர்க்கரையிலிருந்து நகர மையத்தைப் பார்த்தால் மேற்கு. அந்திச் சிவப்பு கட்டடங்களுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் தங்கும். மரினா அணைக்கட்டின் புல்தரையிலிருந்து பார்த்தாலும் மேற்குதான், கூடவே கரையோரப் பூந்தோட்டங்களின் குவிமாடங்களும் வரும். ஆனால் அங்கே பட்டம் விடுகிற அளவுக்குக் காற்று. ட்ரைபாடைத் தாழ்த்தி, நாமே காற்றுக்கு மறைவாக உட்கார்ந்துகொள்வதுதான் வழி.

மரினா பேயின் நீர் இப்போது கடலோடு சேர்ந்ததில்லை, 2008இல் திறந்த அணைக்கட்டு அதைத் தேக்கமாக்கிவிட்டது. ஏற்ற இறக்கம் கிடையாது, மேலே சிற்றலை மட்டும்தான். அதனால் இருபது முப்பது நொடியிலேயே நீர் கண்ணாடி போல் ஆகிவிடும், பல நிமிடம் தேவையில்லை. ஏழேகால் வாக்கில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, நாலு நொடியில் தொடங்கி, இருட்ட இருட்ட எட்டு, பதினைந்து, இருபது என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். கேமராத் திரையை மட்டும் நம்பாதீர்கள், இருட்டில் எந்தத் திரையும் பிரகாசமாகத்தான் தெரியும்.

சுற்றுலாப் படகு குறுக்கே வந்தால் அதன் விளக்குகள் நடுநீரில் கோடு போடும். அழகாகவும் இருக்கலாம், குப்பையாகவும் ஆகலாம். படகு வேண்டாமென்றால் அது படச்சட்டத்தைக் கடக்கும் நேரம் லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டையைப் பிடித்து மறைத்து, போனதும் எடுத்துவிடுங்கள். ஷட்டர் திறந்தே இருக்கும், படகு மட்டும் பதியாது. கை லென்ஸில் படக்கூடாது.

கரையோர நடைபாதையில் மரப்பலகை போட்ட இடங்களைத் தவிருங்கள். மெதுவோட்டக்காரர் ஒருவர் கடந்தால் பலகை முழுதும் குதிக்கும். கல்தரையோ சிமெண்ட் தரையோ பாருங்கள், அல்லது ஆள் வராத இடைவெளிக்குக் காத்திருந்து எடுங்கள். தனியார் கட்டட வளாகத்தில் ட்ரைபாடைக் கண்டதும் பாதுகாவலர் வருவது சகஜம். எனக்கும் இரண்டு மூன்று தடவை நடந்திருக்கிறது. வாக்குவாதம் வேண்டாம். "சரி அங்கிள், மடிச்சிடறேன்" என்று சொல்லி மடித்துக்கொண்டு பத்தடி தள்ளிப் பொது இடத்துக்குப் போனால் பெரும்பாலும் அதைவிட நல்ல கோணமே கிடைக்கும்.

சாலைக் கோடுகள்

மறுபடி என் மேம்பாலம். ஆடாமல் எடுக்க வேண்டுமென்றால் பாலத்தின் நடுவில் நிற்காதீர்கள், தூண் நேர் கீழே இருக்கும் இடத்தில் நில்லுங்கள். அங்கே ஆட்டம் மிகக் குறைவு. ட்ரைபாட் கால் கைப்பிடிக் கம்பியைத் தொடக்கூடாது, நீங்களும் அதில் சாயக்கூடாது. இங்கே பல மேம்பாலங்களின் ஓரத்தில் காகிதப்பூச் செடி வளர்த்திருப்பார்கள். காற்றில் ஆடும் கிளை படத்தின் மூலையில் இளஞ்சிவப்புப் புகையாக வந்து நிற்கும். சில சமயம் அதுவே நன்றாக இருக்கும், தெரிந்து செய்தால்.

நம் ஊரில் வண்டி இடப்பக்கம். சாலை நீளவாக்கில் பார்த்து நின்றால் இடப்பக்கம் விலகிப் போகும் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் எதிரே வரும் வெள்ளை. வெள்ளை எப்போதும் பலமடங்கு பிரகாசம், அதனால் அளவை வெள்ளைக்குப் பார்த்து வையுங்கள். எஃப் 11, ஐஎஸ்ஓ 100, பதினைந்து நொடி நல்ல தொடக்கம். வண்டி படச்சட்டத்துக்குள் நுழையும் முன்னால் திறந்து, வெளியேறிய பின் மூடுங்கள். இல்லையென்றால் கோடு நடுவழியில் அறுந்து நிற்கும்.

இரட்டை மாடிப் பேருந்து வந்தால் விட்டுவிடாதீர்கள். காரின் கோடு தரையை ஒட்டியே ஓடும், பேருந்து அதற்கு மேலே இரண்டாவது தளம் கட்டிக் கொடுக்கும். பேருந்து நிறுத்தத்தில் நின்று கிளம்பும் பேருந்துதான் எனக்குப் பிடித்தது. நின்ற நேரத்துக்கு அதன் உருவம் ஆவி மாதிரி லேசாகப் பதியும், கிளம்பியதும் கோடாக நீளும்.

தீபாவளி ஒளியூட்டு நேரத்தில் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போகாதவர் யார்? சிராங்கூன் சாலை அங்கே ஒருவழி. தேக்கா முனையில் நின்று உள்ளே பார்த்தால் எல்லா வண்டியும் விலகிப் போகும், முழுக்கச் சிவப்புக் கோடு, மேலே அலங்கார வளைவுகள். உள்ளே போய்த் திரும்பி தேக்காவைப் பார்த்தால் முகப்பு விளக்குகள் நேராக லென்ஸில் அடித்து வளைவின் நிறத்தையே தின்றுவிடும். சிவப்புப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். வளைவுகளில் இருக்கும் விளக்கு சாலையைவிடப் பிரகாசம், பத்து நொடி வைத்தால் அதிலுள்ள அலங்கார மயில் எல்லாம் வெள்ளை உருண்டையாகிவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. கேமராவை அசைக்காமல் மூன்று நாலு நொடியில் இருபது படம் தொடர்ச்சியாக எடுங்கள். வீட்டில் கணினியில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிரகாசமானது மட்டும் மேலே தெரியும் லைட்டன் முறையில் சேர்த்தால், வளைவு வேகாமல் இருக்கும், சாலைக் கோடு நிரம்பி வழியும். இப்படித் தொடர்ந்து எடுக்கும்போது கேமராவின் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே நேரத்துக்கு ஒரு கறுப்புப் படம் எடுத்துக் கழிக்கும். நாலு நொடிப் படத்துக்கு எட்டு நொடி ஆகும், கோடுகளுக்கு நடுவில் இடைவெளி விழும். தனியாக மூன்று நிமிடப் படம் எடுக்கும்போது மட்டும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தேக்கா நடைபாதையில் கூட்டம் நெரியும். ட்ரைபாட் காலை விரித்து வைத்தால் யாராவது தடுக்கி விழுவார்கள், குழந்தைகள் குறிப்பாக. மூன்று காலையும் ஒட்டியே வைத்து, விளக்குக் கம்பத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு எடுப்பேன். அல்லது இரவு பதினொன்றுக்கு மேல் போவேன்.

பகலில் எடுக்க: என்டி ஃபில்டர்

பகலில் ஷட்டரை நீளத் திறந்தால் படம் வெள்ளைக் காகிதம்தான். லென்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும், அதுதான் என்டி ஃபில்டர். ஆறு ஸ்டாப் ஃபில்டர் ஒளியை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும், பத்து ஸ்டாப் 1024இல் ஒரு பங்காக. கடையில் என்டி 64, என்டி 1000 என்று கேளுங்கள்.

கணக்கு எளிது. ஃபில்டர் இல்லாமல் வரும் ஷட்டர் நேரத்தைப் பத்து ஸ்டாப்புக்கு ஆயிரத்தால் பெருக்குங்கள். அறுபதில் ஒரு நொடி என்றால் ஏறக்குறைய பதினேழு நொடி. பதினைந்தில் ஒரு நொடி என்றால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கைப்பேசியில் இதற்கென்றே செயலிகள் உண்டு, ஆனால் கைவிரலில் எண்ணினாலே வந்துவிடும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பத்து ஸ்டாப் வாங்கிவிட்டால் நண்பகலிலும் மேகத்தை இழுத்துவிடலாம் என்று நினைப்பார்கள். சுள்ளென்ற வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11க்கு இருநூற்றில் ஒரு நொடி வரும். அதை ஆயிரத்தால் பெருக்கினால் ஐந்தே நொடி. ஐந்து நொடியில் மேகம் என்ன பெரிதாக நகர்ந்துவிடும்? மேகமூட்டமான நாளோ மாலை ஆறரை மணியோ பாருங்கள், அதே ஃபில்டரில் ஒரு நிமிடம் தாண்டும், ஒளி இன்னும் குறையக் குறைய இரண்டு மூன்று நிமிடமும் வரும்.

ஃபில்டரைப் போடும் முன்பே படச்சட்டம் அமைத்து, ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். போட்ட பின் ஒன்றும் தெரியாது. திருகும்போது ஃபோகஸ் வளையம் திரும்பிவிடாமல் இருக்கட்டும். கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் கண் வைக்கும் துளையை மூடுங்கள், பின்னாலிருந்து வரும் வெயில் அதன் வழியே கசிந்து படத்தில் ஊதாப்பட்டையாக விழும். பார்வைத் துளை வழியே சூரியனைப் பார்க்காதீர்கள், ஃபில்டர் போட்டிருந்தாலும்கூட.

உங்களிடம் உள்ள லென்ஸ்களில் எது அகலமோ அதன் அளவுக்கு ஒரே ஃபில்டர் வாங்கி, சின்ன லென்ஸ்களில் அதைப் பொருத்த இணைப்பு வளையம் வாங்கிக்கொள்ளுங்கள். திருகினால் கருமை கூடிக் குறையும் மலிவு ஃபில்டரை நான் சொல்ல மாட்டேன். அகலக் கோண லென்ஸில் அதிகம் திருகினால் வானத்தில் பெரிய பெருக்கல் குறி வந்துவிடும்.

கடல் அலை என்று நினைத்துக் கிழக்குக் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கடலில் பாறையில் மோதிச் சிதறும் பெரிய அலை கிடையாது. இங்கே எடுபடுவது அமைதி. அலைதடுப்புக் கற்கள், பெடோக் படகுத்துறையின் நீண்ட கோடு, ஒன்றிரண்டு நிமிடத்தில் பனியாகும் நீர். அடிவானத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள் நிற்பதாகத்தான் தெரியும், நீரோட்டத்தில் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். மூன்று நிமிடம் வைத்தால் அவை மட்டும் மங்கலாகிவிடும். கப்பல் கூர்மையாக வேண்டுமென்றால் முப்பது நொடிக்குள் முடியுங்கள்.

ஈரம், இடி

எம்ஆர்டி குளிரிலிருந்து வெளியே வந்து கேமராவை எடுத்ததும் லென்ஸ் முழுக்கப் பனி பூக்கும். துடைத்தால் மறுபடி பூக்கும். நீல நேரம் கண் முன்னால் போய்க்கொண்டிருக்கும், நீங்கள் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். பை மூடியபடியே இருபது நிமிடம் வெளிக்காற்றில் இருக்கட்டும், கேமரா மெல்லச் சூடேறும். சீக்கிரமே போக வேண்டும் என்று சொன்னதற்கு இது இன்னொரு காரணம். வீட்டில் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான ட்ரை கேபினட் இல்லாமல் லென்ஸை அலமாரியில் வைத்தால் இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை நிச்சயம். நாற்பதிலிருந்து ஐம்பது விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள்.

மின்னல் படமெடுக்க சிங்கப்பூர் நல்ல ஊர், ஆனால் வீட்டுக்குள்ளிருந்து. ஜன்னல் வழியே, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, பத்துப் பதினைந்து நொடி என்று விடாமல் எடுத்துக்கொண்டே இருங்கள், ஏதாவது ஒன்றில் விழும். அறை விளக்கை அணைத்தால் கண்ணாடியில் பிரதிபலிப்பு வராது. மொட்டைத் தளத்திலும் அணைக்கட்டுப் புல்தரையிலும் உலோகத் ட்ரைபாடோடு நிற்பது வீரமில்லை. வாணவேடிக்கைக்கும் இதே மாதிரிதான், ஐஎஸ்ஓ 100, எஃப் 11, பல்ப் மோடில் நாலிலிருந்து எட்டு நொடி. தேசிய தின ஒத்திகை நாளிலேயே போய்ப் பழகிக்கொள்ளுங்கள். முதல் சில வெடிகளைத் தவறவிடாதீர்கள், அப்புறம் புகை மண்டிவிடும்.

கைப்பேசி மட்டும் இருப்பவர்களுக்கு

ஐஃபோனில் லைவ் ஃபோட்டோவாக எடுத்து, பிறகு அதை லாங் எக்ஸ்போஷராக மாற்றும் வசதி 2017இலிருந்து இருக்கிறது. மூன்று நொடி அளவுதான் பதிவாகும், அருவிக்கு அது தாராளம். சாங்கி ஜுவலின் 40 மீட்டர் உள்ளரங்க நீர்வீழ்ச்சியில் முயன்று பாருங்கள், தண்ணீர் வெண்துணியாகவும் சுற்றியிருக்கும் செடிகள் கூர்மையாகவும் வரும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் புரோ மோடு உண்டு, பத்து, முப்பது நொடிவரை போகும். சின்னக் கைப்பேசித் தாங்கி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பை மேல் சாய்த்து வைத்து டைமர் போடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் அடிவானக் கோட்டை நிமிர்த்துங்கள். பத்து ஸ்டாப் ஃபில்டர்கள் சில படத்துக்கு நீலமோ பழுப்போ ஏற்றிவிடும், ரா என்பதால் நிறச் சமநிலையை மாற்றும் வைட் பேலன்ஸில் சரியாகிவிடும். நீண்ட படத்தில் அங்கங்கே சிவப்பு, பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சென்சார் சூடானதால் வருவது, மென்பொருள் நீக்கிவிடும். வானத்தை மேலும் நீலமாக்கும் கையை மட்டும் கட்டுப்படுத்துங்கள். கண்ணால் பார்த்த நீலம் அந்த இருபது நிமிடத்தில் எப்படியிருந்தது என்று ஞாபகம் இருக்கும்போதே, அன்றிரவே திருத்திவிடுவது நல்லது.

படத்தை நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கித் தெருவிளக்குகளைப் பாருங்கள். விளக்கு வட்டமாக இருந்தால் ட்ரைபாட் நின்றிருக்கிறது. எல்லா விளக்கும் ஒரே திசையில் நீண்டிருந்தால் கேமரா அசைந்திருக்கிறது. ஒரு விளக்கு மட்டும் நீண்டிருந்தால் அது வண்டி, உங்கள் தவறில்லை.

கடற்கரைக்குப் போய் வந்த இரவு எவ்வளவு தூக்கம் வந்தாலும் ட்ரைபாட் கால்களை முழுக்க நீட்டி, நல்ல தண்ணீரில் கழுவி, பூட்டுகளைத் தளர்த்திக் குளியலறையில் காய விடுங்கள். பெடோக்கிலிருந்து வந்த ஒரு ராத்திரி நான் அப்படியே மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். அடுத்த வாரம் அணைக்கட்டில் வானம் நீலமாகிக்கொண்டிருக்கும்போது இரண்டு கால் நீண்டது, மூன்றாவது நீளவில்லை. மணலும் உப்பும் சேர்ந்து அதைப் பூட்டிவிட்டிருந்தன.